குழந்தைக்காகக் கேள்வி கேட்கும் ஆள்

அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் மேடையேறியது. கொரோனா காலத்தில் அரங்குகள் மூடியிருந்த மாதங்களை விட்டுவிட்டால் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பனியில் சிக்கிய விடுதி, கொலை, ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் என்று விறுவிறுப்பாகப் போகும் அந்தக் கதைக்கு விதையாக இருந்தது உண்மையில் நடந்த ஒரு சாவு.

இறந்தவன் டென்னிஸ் ஓ’நீல், பன்னிரண்டு வயதுப் பையன். நியூபோர்ட் நகர மன்றம் அவனையும் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தன் பொறுப்பில் எடுத்திருந்தது. 1944-இல் டென்னிஸும் தம்பி டெரன்ஸும் ஷ்ரோப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்கு விடப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை பட்டினியும் குளிரும் அடியும்தான். டிசம்பரில் நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் ஊழியர் வந்து பார்த்தார். பையன்களை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று அறிக்கையும் எழுதினார். அந்த அறிக்கையின் மேல் யாரும் கை வைப்பதற்குள், 1945 ஜனவரி 9 அன்று, டென்னிஸ் செத்துப்போனான். வளர்ப்புத் தந்தை சிறைக்குப் போனார். சர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணையில், அவனை அனுப்பிய மன்றத்துக்கும் அவன் வாழ்ந்த பகுதியின் மன்றத்துக்கும் நடுவே கண்காணிப்பு எப்படி நழுவியது என்பது வெளியே வந்தது. 1948-இல் குழந்தைகளுக்கென்று ஒரு புதுச் சட்டம் வந்ததற்கு இந்தச் சாவு எழுப்பிய கொதிப்பும் ஒரு காரணம்.

அந்தப் பெண் ஊழியரின் அறிக்கை சரியானதுதான். எழுதியவரும் பொறுப்பானவர்தான். எழுதியது நடந்ததா என்று போய்க் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் மட்டும் இல்லை. அப்படி ஒருவரை நியமிக்க இங்கிலாந்துக்கு இன்னும் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் பிடித்தன.

பெற்றோரின் பொறுப்பில் மட்டும் விட முடியாத குழந்தைகளை இங்கிலாந்தில் பார்த்துக்கொள்வது உள்ளாட்சி மன்றங்கள். 2024 மார்ச் 31 கணக்குப்படி இப்படி 83,630 குழந்தைகள் மன்றங்களின் பொறுப்பில் இருந்தார்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் இல்லங்களில், சிலர் மன்றத்தின் மேற்பார்வையோடு சொந்தப் பெற்றோரிடமே. போருக்கும் வன்முறைக்கும் தப்பித் துணையில்லாமல் வந்து சேரும் அகதிச் சிறுவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மன்றத்தின் பொறுப்புக்குள் ஒரு குழந்தை வர முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி பெற்றோர் சம்மதித்து ஒப்படைக்கலாம். அல்லது 31-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்திருக்கிறது, அல்லது நேரக்கூடும் என்று நீதிமன்றம் கண்டால் பராமரிப்பு ஆணை பிறப்பிக்கலாம். ஆணை கேட்டு வரும்போது மன்றம் ஒரு பராமரிப்புத் திட்டத்தையும் நீதிபதி முன் வைக்க வேண்டும். குழந்தை எங்கே வாழும், எந்தப் பள்ளிக்குப் போகும், அம்மாவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கும், மருத்துவம் என்ன, கடைசியில் வீடு திரும்புமா, தத்துப் போகுமா, வளர்ப்புக் குடும்பத்திலேயே நிலைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நீதிபதி அந்தத் திட்டத்தைப் படித்து, திருப்தியடைந்து, கையெழுத்திடுகிறார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு குழந்தையைப் பற்றிய முடிவுகள் மன்றத்தின் கையில். திட்டத்தில் எழுதியதை மன்றம் செய்யாமல் விட்டால்?

இந்தக் கேள்விதான் டோர்பே என்ற கடற்கரைப் பகுதியிலிருந்து கிளம்பி நாட்டின் உச்ச நீதிபீடம்வரை போனது. மூன்று குழந்தைகளின் தாய் ஒருவர். இளைய இருவரும் அவரிடம் திரும்ப வேண்டும், அதற்குக் குடும்பத்துக்குச் சிகிச்சையும் உதவியும் தர வேண்டும் என்பது திட்டம். அதை நம்பித்தான் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. ஆனால் மன்றத்தின் நிதி வெட்டப்பட்டது. சொன்ன உதவிகள் வரவில்லை. தாய் மேல்முறையீடு செய்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் துணிச்சலான ஒரு வழியைக் கண்டுபிடித்தது. திட்டத்தில் உள்ள முக்கியமான கட்டங்களுக்கு நட்சத்திரக் குறி போட்டுவிடுவது. நியாயமான காலத்துக்குள் அந்தக் கட்டம் எட்டப்படவில்லை என்றால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கு வரலாம். குடும்ப நலச் சட்டத்தில் பெரும் பெயர் பெற்ற நீதிபதி பிரெண்டா ஹேல் அந்த அமர்வில் இருந்தார். பின்னாளில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரானவர் அவர்.

2002 மார்ச்சில், அன்று நாட்டின் உச்ச நீதிபீடமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தார்கள். நாடாளுமன்றம் வேண்டுமென்றே போட்ட எல்லைக்கோட்டை நீதிமன்றம் தாண்டக் கூடாது, இது சட்டத்துக்குப் பொருள் காண்பது ஆகாது, புதிய சட்டம் இயற்றுவது என்றார் நிக்கல்ஸ் பிரபு. ஆனாலும் குறை இருப்பதை அவர் மறைக்கவில்லை. தாயோ தந்தையோ போராட முன்வந்தால் வழி உண்டு. அப்படி யாரும் இல்லாத சின்னக் குழந்தையின் உரிமை பறிபோனால் அதன் சார்பில் வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? அரசும் நாடாளுமன்றமும் இதை அவசரமாகக் கவனிக்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

அந்த ஆண்டே சட்டத்தில் இடம் பிடித்தது ஒரு புதிய பதவி: சுதந்திரச் சீராய்வு அலுவலர். 2004-இல் நடைமுறைக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இன்னும் பலம் சேர்த்தது. 2011 ஏப்ரல் முதல் இந்த அலுவலரின் கடமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்துவதோடு நிற்பதில்லை. கூட்டங்களுக்கு இடைப்பட்ட நாட்களிலும் குழந்தையின் வழக்கை மன்றம் எப்படிக் கையாள்கிறது என்று அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடைமுறை இப்படி. குழந்தை மன்றத்தின் பொறுப்புக்கு வந்த 20 வேலை நாட்களுக்குள் முதல் சீராய்வுக் கூட்டம். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் இரண்டாவது. அந்த இரண்டாவது கூட்டத்துக்குள் குழந்தையின் நிரந்தர வாழ்வுக்கு என்ன வழி என்பது திட்டத்தில் இருந்தாக வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒவ்வொன்றும். கூட்டத்துக்கு முன்பாக அலுவலர் குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும். வளர்ப்புப் பெற்றோரோ சமூகப் பணியாளரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே இந்தப் பதவியை மதிக்கலாம். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் “நல்லா இருக்கேன்” என்று சொல்லும் குழந்தை, தனியாகக் கேட்டால் வேறு சொல்லக்கூடும்.

பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். தம்பி வேறொரு ஊரில், வேறொரு குடும்பத்தில். மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கலாம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. மூன்று மாதமாகச் சந்திப்பு நடக்கவில்லை. அழைத்துப் போக ஆளில்லை, சமூகப் பணியாளர் மாறிவிட்டார், புதியவருக்குக் கோப்பு இன்னும் பிடிபடவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு அக்கா தன் தம்பியைப் பார்க்கவில்லை. சீராய்வு அலுவலர் இங்கேதான் நுழைய வேண்டும். ஏன் நடக்கவில்லை, எந்தத் தேதியில் நடக்கும், யார் கூட்டிப் போவார் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர்கள் அடிக்கடி மாறும் துறை இது. அதனால் ஒரு குழந்தைக்கு இயன்றவரை ஒரே அலுவலர் தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது 2010-இல் வெளியான அரசுக் கையேடு.

பதில் வராவிட்டால் அவர் படிப்படியாக மேலே போகலாம். முதலில் பேச்சு, பிறகு முறையான எழுத்து, தேவையானால் மன்றத்தின் தலைமை நிர்வாகிவரை. அதுவும் பலிக்காவிட்டால் காஃப்காஸ் என்ற தேசிய அமைப்பிடம் வழக்கை ஒப்படைக்கலாம். குடும்ப நீதிமன்றங்களில் குழந்தைகளின் நலனுக்காக நிற்கும் அந்த அமைப்பு, குழந்தையின் சார்பில் மன்றத்தின் மேலேயே வழக்குத் தொடுக்க முடியும். நிக்கல்ஸ் பிரபு சுட்டிய ஓட்டையை அடைக்க வைத்த கடைசிக் கதவு இது.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. லங்காஷயரில் அது எப்படி நொறுங்கியது என்பதை 2012 ஜூனில் நீதிபதி பீட்டர் ஜாக்சன் எழுதிய தீர்ப்பில் படிக்கலாம். பின்னாளில் ஒரு பதின்பருவப் பையனுக்குப் புரியும்படி அவனுக்கே எழுதிய கடிதமாகத் தீர்ப்பு வழங்கிய நீதிபதி இவர்தான்.

அந்த வழக்கின் அண்ணன் தம்பிக்குத் தீர்ப்பில் வெறும் எழுத்துகள்தான் பெயர். சின்னஞ்சிறு வயதில் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தவர்கள். 2001-இல், தத்துக்கு விடுவிக்கும் ஆணை ஒன்றை நீதிமன்றம் பிறப்பித்தது. பெற்ற குடும்பத்தோடு சட்டப்படியான உறவை அறுத்துவிடும் ஆணை அது. புதிய குடும்பம் சீக்கிரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. குடும்பம் கிடைக்கவே இல்லை. சில ஆண்டுகளில் தேடலையும் கைவிட்டார்கள். ஆனால் ஆணையை நீக்கக் கோரி யாரும் நீதிமன்றம் போகவில்லை. இரண்டு பையன்களும் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் பிள்ளைகளாக இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் கிடந்தார்கள். தீர்ப்பு வந்தபோது மூத்தவனுக்கு 16 வயது, இளையவனுக்கு 14. அதற்குள் ஒருவன் 77 முறையும் மற்றவன் 96 முறையும் இடம் மாற்றப்பட்டிருந்தார்கள். வளர்ப்புக்கு விட்ட இடங்களிலேயே கொடுமையும் அனுபவித்திருந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு சீராய்வு அலுவலர் இருந்தார். கூட்டங்கள் நடந்தன. குறிப்புகள் எழுதப்பட்டன. செய்ய வேண்டியவை என்று குறித்தவை அடுத்த கூட்டத்திலும் செய்யப்படாமலே இருந்தன. காஃப்காஸிடம் வழக்கு போகவில்லை. மன்றமும் அந்த அலுவலரும் பையன்களின் மனித உரிமைகளை மீறினார்கள் என்று நீதிபதி அறிவித்தார். ஒரு சீராய்வு அலுவலரையே இப்படிப் பொறுப்பாக்கியது துறை முழுவதையும் உலுக்கியது. மன்றமும் அலுவலரும் நீதிமன்றத்தில் தங்கள் தவறுகளை ஒப்புக்கொண்டார்கள்.

இதைத் தனிமனிதரின் தவறு என்று மூடிவிட முடியாது. முழுநேர அலுவலர் ஒருவருக்கு 50 முதல் 70 குழந்தைகள் இருக்கலாம் என்கிறது கையேடு. லங்காஷயர் அலுவலரின் தலையில் அதைப்போல மூன்று மடங்குச் சுமை இருந்தது. போதிய பயிற்சி இல்லை. மன்றத்தோடு மோதும்போது சொந்தமாகச் சட்ட ஆலோசனை பெறவும் வழி இல்லை. இருநூறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு கூட்டம் என்றால் நானூறு கூட்டம். அத்தனைக்கும் முன்னால் தனித்தனியாகப் பேச்சு, பயணம், கோப்பு, பதிவு. ஓர் ஆண்டில் வேலை நாட்களே 250 சொச்சம். அந்தக் கணக்கில் எந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேச முடியும்?

கையேட்டில் உள்ள 50–70 என்பது வழிகாட்டுதல். சட்டப்படியான உச்சவரம்பு கிடையாது. லங்காஷயர் தீர்ப்புக்கு ஓராண்டு கழித்து, 2013-இல், கல்வி மற்றும் குழந்தைகள் சேவைகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு சீராய்வு அலுவலர்களைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. அளவுக்கு மீறிய வேலைச்சுமை அதிலும் முக்கியமான கவலை.

2018-இல் ஹெரிஃபோர்ட்ஷயர். பெற்றோர் சம்மதம் என்ற தற்காலிக ஏற்பாட்டின் கீழ் பதினான்கு குழந்தைகளை அந்த மன்றம் முறைகேடாக ஆண்டுக்கணக்கில் வைத்திருந்ததாக நீதிபதி கீஹன் கண்டார். முறையான வழக்கும் நீதிபதியின் ஆய்வும் இல்லாமலே குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி கழிந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. அங்கேயும் சீராய்வு அலுவலர்கள் இருந்தார்கள். அவர்கள் கடமை தவறியதையும் தீர்ப்பு கடுமையாகவே கண்டித்தது.

கோளாறு எங்கே? அலுவலருக்குச் சம்பளம் தருவது அதே மன்றம். அவரது அறை இருப்பதும் பெரும்பாலும் அதே கட்டடத்தில். குழந்தையின் வழக்கை நிர்வகிக்கும் மேலதிகாரியின் கீழோ, அதற்குப் பணம் ஒதுக்குபவரின் கீழோ அவர் இருக்கக் கூடாது என்று விதி தடுக்கிறது. ஆனால் எல்லோருக்கும் மேலே இருக்கும் இயக்குநர் ஒருவர்தான். மாமியார் வீட்டில் இருந்துகொண்டே மாமியாரிடம் கணக்குக் கேட்கும் மருமகளின் நிலை. நேர்மையும் துணிவும் உள்ளவர்கள் கேட்கிறார்கள். கேட்டுச் சாதித்தவர்களும் உண்டு. ஆனால் குழந்தையின் பாதுகாப்பு, அதற்கு வாய்த்த அலுவலரின் தனிப்பட்ட துணிவைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. காஃப்காஸின் கதவை அலுவலர்கள் தட்டுவது மிக அரிதாகவே இருந்துவருகிறது. தட்டத் தேவையே எழவில்லை என்று நினைக்க முடியவில்லை.

பலன் தராத பதவி என்றால் எடுத்துவிடலாமே என்ற குரல் எழுந்ததில் வியப்பில்லை. 2018-இல் வளர்ப்புப் பராமரிப்பு பற்றி அரசுக்கு அறிக்கை தந்த மார்ட்டின் நேரியும் மார்க் ஓவர்ஸும், விரும்பும் மன்றங்கள் இந்தப் பதவியைக் கைவிட்டு அந்தப் பணத்தை முன்வரிசைச் சமூகப் பணிக்குத் திருப்பலாம் என்றார்கள். 2022 மே மாதம் ஜோஷ் மெக்அலிஸ்டர் தலைமையில் வந்த பெரிய அறிக்கை, சீராய்வு அலுவலர்களுக்குப் பதிலாக மன்றத்தைச் சாராத வழக்குரைப்பாளர் ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே வழக்குரைப்பாளர் என்பவர் வக்கீல் இல்லை. குழந்தை என்ன விரும்புகிறது என்பதை அதன் சார்பில் எடுத்துச் சொல்பவர்.

மெக்அலிஸ்டர் சொன்னதில் பாதி சரி. மன்றத்தைச் சாராதவர் வேண்டும் என்பது சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல். குழந்தையின் விருப்பத்தைச் சொல்வது ஒரு வேலை. மன்றம் தந்த வாக்கைக் காப்பாற்றியதா என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் சரிபார்ப்பது இன்னொரு வேலை. எட்டு மாதக் குழந்தைக்கு, தான் தத்துப் போகும் நடவடிக்கை தாமதமாகிறது என்று தெரியாது. லங்காஷயர் பையன்களுக்குத் தங்கள் மேல் பழைய ஆணை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சிறு வயதில் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாத ஒன்றை எப்படி விரும்புவது, எப்படிக் கேட்பது? சட்டமும் கோப்பும் தெரிந்த, அனுபவமுள்ள சமூகப் பணியாளர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். குழந்தைக்கு இரண்டு பேருமே தேவை. 2023 பிப்ரவரியில் வந்த அரசின் பதிலும் பதவியை ஒழிக்காமல் அதைப் பலப்படுத்தும் பக்கம் சாய்ந்தது.

சீராய்வு என்ற ஏற்பாடு எவ்வளவு எளிதாகக் கைநழுவிப் போகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 ஏப்ரல் 24 அன்று புதிய விதிகள் ஒரேயடியாக நடைமுறைக்கு வந்தன. சமூகப் பணியாளர் குழந்தையை நேரில் பார்க்கும் கால அளவு தளர்ந்தது. கட்டாயமாக இருந்த ஆறு மாதச் சீராய்வு, நடைமுறையில் முடிந்தால் போதும் என்றானது. ‘ஆர்ட்டிக்கிள் 39’ என்ற சிறிய தொண்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ஆனாலும் விடாமல் மேல்முறையீடு செய்தது. நவம்பர் 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், குழந்தைகள் ஆணையரையும் குழந்தைகளின் உரிமைக்காக நிற்கும் அமைப்புகளையும் கலந்து பேசாமல் கல்வி அமைச்சர் இப்படி மாற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. விதிகளில் பெரும்பாலானவை அதற்குள் செப்டம்பரிலேயே காலாவதியாகிவிட்டன. தீர்ப்பின் மதிப்பு அதனால் குறையவில்லை. நிர்வாகச் சுமை என்று அமைச்சகம் கருதியவற்றைக் குழந்தைகளின் பாதுகாப்பு என்று நீதிமன்றம் கண்டது.

பக்கத்து ஸ்காட்லாந்து முற்றிலும் வேறு பாதையில் போனது. அங்கே 1971 முதல், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் தன்னார்வலர்களாக அமரும் குழந்தைகள் விசாரணைக் குழுக்கள்தான் முடிவெடுக்கின்றன. அவையே கட்டாய ஆணைகளைத் திரும்பவும் பரிசீலிக்கின்றன. அதிலும் குறைகள் உண்டு. ஆனால் கேள்வி கேட்பவர் உள்ளாட்சியின் சம்பளப் பட்டியலில் இல்லை.

இங்கிலாந்துக்கும் அந்த வாய்ப்பு ஒருமுறை வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, சீராய்வு அலுவலர்களை மன்றங்களின் கையிலிருந்து எடுத்துத் தனியொரு தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவரும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மன்றங்களுக்கு உள்ளேயே இந்தப் பதவி சுதந்திரமாக இயங்குகிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் வெளியே எடுப்போம் என்பது அன்றைய எண்ணம். அதிகாரத்துக்கு ஏழாண்டு கெடுவும் வைத்தார்கள். அந்த ஏழாண்டுக்குள்தான் லங்காஷயர் தீர்ப்பு வந்தது, ஆஃப்ஸ்டெட் அறிக்கையும் வந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று தெரியவில்லை. எந்த அரசும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தவில்லை. 2015 நவம்பரில் கெடு முடிந்தது. அதிகாரமும் அத்தோடு காலாவதியானது. சீராய்வு அலுவலர்கள் இன்றும் தாங்கள் கேள்வி கேட்க வேண்டிய மன்றங்களிடமே சம்பளம் வாங்குகிறார்கள். ஓர் அலுவலருக்கு இத்தனை குழந்தைகளுக்கு மேல் கூடாது என்ற சட்ட வரம்பும் இன்னும் வரவில்லை. இந்த இரண்டையும் மாற்றுவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.